யார் ஏரி, யார் உழைப்பு

பழைய ஏரி ஒன்றின் கரையில் நடந்து போனால், ஓர் ஓரத்தில் கலிங்கு வரும். ஏரி நிரம்பிய பிறகு மிஞ்சும் வெள்ளம் வழிந்தோடுவதற்கான கல்கட்டு அது. அதன் தலைமேல் குத்துக் கற்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாட்களில் அந்தக் கற்களுக்கு இடையே எதையும் வைக்க மாட்டார்கள். வெள்ளம் தடையில்லாமல் போக வேண்டும். மழை ஓயும் தறுவாயில்தான் பலகையும் புற்கரணையும் களிமண்ணும் கொண்டு அந்த இடைவெளிகளை அடைப்பார்கள். நீர்மட்டம் ஓரடி, ஒன்றரையடி கூடும். பரந்து கிடக்கும் ஏரியில் ஓரடி நீர் என்பது, கதிர் பால் பிடிக்கும் வேளையில் பயிரைக் காப்பாற்றிவிடும் நீர்.

ஆனால் அந்த ஓரடி ஏறினால், ஏரியின் மேல்பக்கம் நீர்ப்பிடிப்பு விளிம்பில் பயிர் வைத்தவரின் நிலம் மூழ்கும். அடைத்த மறுவாரம் புயல் வந்தால் கரைக்கு ஆபத்து. இந்தக் கரை உடைந்தால் கீழே அடுத்த ஊர் ஏரியும் சேர்ந்து உடையும். ஏனென்றால் நம் ஏரிகள் தனித்தனியாக இல்லை, ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்கு வரத்து என்று தொடராக அமைந்தவை. எந்த நாளில் அடைப்பது, எத்தனை விரற்கடை உயர்த்துவது, வானம் கறுத்தால் நள்ளிரவில் போய்ப் பிரித்துவிடுவது யார் பொறுப்பு? தனியொருவர் முடிவெடுத்தால் கைகலப்பு. யாருமே முடிவெடுக்காவிட்டால் எல்லாருக்கும் நட்டம்.

ஒத்துழைப்பு என்றதும் மேடைகளில் நாம் ஒரு நல்லொழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். முன்னோர்கள் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள், இன்றைக்கு அந்த மனம் போய்விட்டது என்று முடிக்கிறோம். ஏரிப் பாசனத்தின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை. கலிங்கின் மேல்பக்கத்தாருக்கும் கீழ்ப்பக்கத்தாருக்கும், தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நலன்கள் முரண்பட்டே இருந்தன. முரண்பட்ட நலன்களைப் பருவம்தோறும் கணக்குப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடு உயிரோடு இருந்தவரை ஒத்துழைப்பு இருந்தது. அது எப்படி இயங்கியது, யாருக்கு அநீதி செய்தது, யார் கையால் குலைந்தது என்று பார்க்காமல் இன்றைய ஏரிகளைக் காப்பாற்ற முடியாது என்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் கணக்கில் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை பெரும்பாலும் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. 1960 வாக்கில் இவை ஒன்பது லட்சம் ஹெக்டேருக்கு நீர் கொடுத்தன. மாநிலத்தின் பாசனப் பரப்பில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பிறகு அந்தப் பங்கு அதில் பாதிக்கும் கீழே சரிந்து, கிணறுகளின் பங்கு சரிபாதியைத் தாண்டிவிட்டது. ஏரிகள் தூர்ந்ததும் ஆக்கிரமிப்புக்கு உள்ளானதும் எல்லாரும் அறிந்த காரணங்கள். தூரும் ஆக்கிரமிப்பும் எதன் விளைவு என்பதுதான் அடுத்த கேள்வி.

பழைய ஏற்பாட்டின் அச்சாணியாக இருந்தவர் நீர்க்கட்டி. நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன், கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. பழைய மடைகளில் ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் நடுவே ஒரு கம்பு இறங்கி, அடியிலுள்ள துளையைக் கூம்பு வடிவக் கட்டையால் மூடியிருக்கும். கம்பைத் தூக்கினால் நீர் துளை வழியே இறங்கிக் கரைக்கு அடியில் கால்வாய்க்குப் போகும். கட்டை சிக்கிக்கொண்டால் மூச்சடக்கி மூழ்கித்தான் எடுக்க வேண்டும். பிறகு ஆயக்கட்டு முழுக்க மண்வெட்டியோடு நடந்து, ஒவ்வொரு வாய்மடையாக வெட்டி, நனைந்ததும் அடைத்து, அடுத்த வயலுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையைச் சுற்றி வந்து நண்டு வளையும் எலி வளையும் நீர் கசியும் இடமும் பார்க்க வேண்டும். வரத்துக்கால் வெட்டும் நாளை ஊருக்குத் தண்டோரா போட்டுச் சொல்வதும் பல ஊர்களில் அவர் பொறுப்பே.

இதற்குக் கூலி பணமாக இல்லை. அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. களத்தில் அளக்கும் முறைக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. விளைந்தால்தான் நீர்க்கட்டிக்குப் பங்கு. கடைமடை காய்ந்தால் அந்தக் களத்திலிருந்து அவருக்கு நெல் வராது. ஆகவே கடைசி வயல்வரை நீர் போய்ச் சேர்வது அவருடைய வயிற்றுப் பிரச்சினை. பல ஊர்களில் நீர்க்கட்டிக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் இருக்காது. தன் வயலுக்கு முதலில் திருப்பிக்கொண்டார் என்ற பேச்சுக்கு இடமில்லாததால் அவர் சொன்ன முறை எடுபட்டது. முறை தவறி யாராவது இரவில் மடையை வெட்டினால், அவர் ஊரிடம் சொல்வார். ஊர் தண்டம் போடும்.

விதிகளும் நீரின் அளவைப் பொறுத்து மாறின. ஏரி நிறைந்திருக்கும்போது மடைகள் தொடர்ந்து ஓடும். யார் எவ்வளவு எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. நீர் பாதிக்கு இறங்கியதும் முறை வைப்பார்கள். இன்னும் குறைந்தால் நாழிகைக் கணக்கு வரும். பற்றாக்குறை முற்ற முற்ற விதி இறுகும், கண்காணிப்பும் கூடும். இலங்கையின் உலர் வலயக் குளங்களில் இதைவிடத் துணிச்சலான ஒரு வழக்கம் இருந்தது. குளத்தில் நீர் போதாத ஆண்டில், குளத்துக்கு அருகிலுள்ள வயற்பகுதியை மட்டும் அந்தப் போகத்துக்கு எடுத்துக்கொண்டு, அதையே எல்லாப் பங்காளிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். சிங்கள ஊர்களில் அதை ‘பெத்ம’ என்பார்கள். தலைமடையில் நிலம் வைத்திருப்பவர் அந்தப் போகத்துக்குத் தன் நிலத்தில் மற்றவருக்கும் இடம் விடுகிறார். நிலவுரிமையை நிரந்தரமாக மாற்றாமல், பஞ்சத்தின் சுமையை மட்டும் பகிர்ந்துகொள்ளும் வழி இது. தொண்டை மண்டலத்திலும் தஞ்சையிலும் மிராசு ஊர்கள் சிலவற்றில் இருந்த கரையீட்டு முறையும் இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. பங்காளிகளின் நிலங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிப் பங்கிடப்பட்டன. இன்று தலைமடையில் இருப்பவர் நாளை கடைமடைக்குப் போகலாம் என்னும்போது, கடைமடைக்கு நீர் போக வேண்டும் என்ற அக்கறை எல்லாருக்கும் வந்துவிடுகிறது.

பொதுவளத்தை மக்கள் அழித்தே தீர்வார்கள், அரசுடைமையோ தனியுடைமையோதான் மருந்து என்று பொருளியலில் ஒரு கருத்து நெடுங்காலம் கோலோச்சியது. அதைத் தகர்த்தவர் அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம். ஸ்பெயின் நாட்டு வலென்சியாவின் வாய்க்கால்கள், பிலிப்பைன்ஸின் பாசனச் சங்கங்கள், சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள் என நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்த ஏற்பாடுகளைத் தொகுத்து 1990இல் நூலாக வெளியிட்டார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. வளத்தின் எல்லையும் பங்குதாரர் யார் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். விதியை வகுப்பதில் பயன்படுத்துவோருக்குக் குரல் வேண்டும். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். முதல் தவறுக்குச் சிறு தண்டமும் மீண்டும் தவறினால் பெரிய தண்டமும் வேண்டும். சச்சரவு தீர்க்க அருகிலேயே ஓர் இடம் வேண்டும். இந்த உரிமையை அரசு மதிக்க வேண்டும். அவர் கண்ட நிலைத்த ஏற்பாடுகளின் பொதுக்கூறுகளில் முக்கியமானவை இவை. நீர்க்கட்டியையும் முறைப்பாசனத்தையும் அறிந்தவருக்கு இதில் ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

ஆஸ்ட்ரமின் நூலுக்கு இரண்டாண்டு முன்பு, 1988இல், ராபர்ட் வேட் ஆந்திரத்தின் கால்வாய்ப் பாசன ஊர்களை ஆராய்ந்து எழுதிய நூலில் ஒரு செய்தி என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரே மொழி, ஒரே சாதி அமைப்பு. ஆனால் கால்வாயின் கடைப்பகுதியில், நீர் வருமா வராதா என்று தவிக்கும் ஊர்களில்தான் பொது நிதியும் பொதுக் காவலும் ஊர்க்குழுவும் வலுவாக இருந்தன. தலைப்பகுதி ஊர்களில் அவை இல்லை, அல்லது பெயரளவில் இருந்தன. மனப்பண்பு காரணமென்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. ஒருவரையொருவர் நம்பியே பிழைக்க வேண்டிய நிலை இருந்த இடத்தில் மக்கள் கூடினார்கள்.

இதைச் சொல்லிவிட்டுப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிவிடும் ஆசையையும் கைவிட வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பெருமையோடு சொல்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை அவை. 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பிரிவுகளிலிருந்து, குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்து, அவர்களில் ஆறு பேரை ஏரி வாரியமாக அமர்த்தினார்கள். பதவிக்காலம் 360 நாள்; கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. ஏரிக்கென்றே ஒரு குழு, அதற்குச் சுழற்சி, அதற்குத் தணிக்கை என்பது எந்தக் காலத்திலும் சிறந்த நிர்வாகம்தான். ஆனால் கால் வேலிக்கு மேல் இறையிறுக்கும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ளவர்தான் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதி பெற்றவர். அது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஒரு பிரமதேய ஊர். தூர் வாரியவர்களும் கரை கட்டியவர்களும் அந்தக் குடத்துக்குள் இல்லை.

பிற்காலத்திலும் இதே கோடு நீள்கிறது. மடை திறப்பதும் கரை காப்பதும் பெரும்பாலான ஊர்களில் பட்டியல் சாதியினர்மேல் தலைமுறைக் கடமையாகச் சுமத்தப்பட்டன. ஏரிக்காக உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஏரிக்குக் கீழே ஒரு குழி நிலம் இல்லை. நீர்க்கட்டியின் நடுநிலை என்று சற்று முன்பு நான் போற்றிய குணத்தின் மறுபக்கம் அவருடைய நிலமின்மைதான். இராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் நூல் வெளியிட்ட டேவிட் மோஸ், நீர்ப் பங்கீடு என்பது ஊர் அதிகாரத்தோடும் கோயில் மரியாதையோடும் சாதி வரிசையோடும் பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டினார். ஒரு பிரிவினர் மரியாதையை மறுத்து எழும்போது, நீர் ஏற்பாடும் அசைந்தது. இழிவாகக் கருதப்பட்ட வேலையை விட்டுவிட்டுப் படிப்புக்கும் நகரத்துக்கும் போன பிள்ளைகளைப் பார்த்து, நீர்க்கட்டி மரபு அழிந்துவிட்டதே என்று வருந்துவது சரியல்ல. அந்த வேலையை மதிப்பும் ஊதியமும் உரிமையும் உள்ள வேலையாக மாற்றாமல் விட்டோமே என்றுதான் வருந்த வேண்டும்.

ஆங்கில ஆட்சி இந்த ஏற்பாட்டை எப்படி நெருக்கியது என்பதற்கு 1858ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் சான்று. ஏரிக்கரை உடையும் அவசரத்தில் ஊராரை வேலைக்கு வரவைக்க அது அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. அதோடு, வழக்கப்படி ஊர் கூடிச் செய்யும் பாசன வேலைக்கு, அதாவது குடிமராமத்துக்கு, தக்க காரணமின்றி வராதவர் தன் உழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு கட்ட வேண்டும் என்றும் விதித்தது. தானாக நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குச் சட்டத்தின் கை ஏன் தேவைப்பட்டது? ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு பட்டாதாரரும் அரசோடு தனித்தனியே கட்டுப்பட்டார். ஏரிப்பட்டி என்று ஏரிக்கு விடப்பட்டிருந்த நிலங்களைப் போன்ற பழைய மானியங்கள் சுருங்கின. ஊரின் கையிலிருந்த வருவாயும் முடிவெடுக்கும் உரிமையும் அரசிடம் போக, மண் சுமக்கும் கடமை மட்டும் ஊரிடம் நின்றது. அந்தச் சட்டம் நடைமுறையில் பெரிதாகப் பயன்படவில்லை.

விடுதலைக்குப் பிறகும் திசை மாறவில்லை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஆயிரக்கணக்கான ஜமீன் ஏரிகள் அரசிடம் வந்தன. ஜமீன் ஒழிந்தது நீதி. ஆனால் ஏரிகள் ஊராரின் கைக்கு வரவில்லை, கோப்புகளுக்குள் போயின. இன்றைக்கு ஓர் ஏரியை எடுத்துக்கொண்டால் கரை ஒரு துறையிடம், நிலப்பதிவு வருவாய்த் துறையிடம், ஏரிக்குள் நிற்கும் கருவேல மரம் பல இடங்களில் சமூகக் காடு என்ற பெயரில் வனத்துறை நட்டது, மீன்பாசிக் குத்தகை ஊராட்சி ஏலத்திலோ துறை ஏலத்திலோ போகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரி மீனின் வருவாயை அதே ஏரியின் தூர் எடுக்க ஒதுக்கிய செய்திகள் உண்டு. தூர் வாரும் ஓடங்களுக்கு நிவந்தம் விட்ட செய்திகளும் உண்டு. ஏரியின் வருமானம் ஏரிக்கே திரும்பும் அந்தச் சுழற்சி அறுந்ததை, தூர்ந்துபோனதைவிடப் பெரிய இழப்பாக நான் பார்க்கிறேன். கையில் காசில்லாத சங்கம் கூட்டம் போடலாம். மதகுக்குக் கதவு போட முடியாது.

பிறகு மின்மோட்டார் வந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. மாநிலத்தில் இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் ஓடுகின்றன. ஏரியை நம்பியிருந்த ஆயக்கட்டுக்குள்ளேயே கிணறுகள் பெருகின. கிணறு வைத்திருப்பவருக்கு முறை வேண்டாம், நீர்க்கட்டி வேண்டாம், வரத்துக்கால் வெட்டும் நாளில் மண்வெட்டி எடுக்கவும் வேண்டாம். ஊரில் செல்வாக்கு உள்ளவரே முதலில் கிணறு வெட்டினார் என்பது இன்னொரு வினை. அழைத்தால் நாலு பேரைக் கூட்டக்கூடியவர் விலகிக்கொண்டதும், ஏரியோடு மிஞ்சியவர்கள் குரலற்ற சிறு விவசாயிகள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கே. பழனிசாமி போன்ற பாசனப் பொருளியலாளர்கள் பல ஆண்டுகளாக இந்த உறவை ஆராய்ந்திருக்கிறார்கள். சில கிணறுகள் இருந்தால் பற்றாக்குறை மாதத்தில் ஏரிக்குத் துணை. அளவு மீறினால் ஏரியைக் காக்கும் கூட்டு முயற்சிக்கே வேட்டு. கிணற்றில் ஊறுவதும் ஏரி நீர்தான். ஏரியைக் கைவிட்டவர் சில ஆண்டில் ஆழ்துளை போடுகிறார், பிறகு இன்னும் ஆழமாகப் போடுகிறார்.

கிணறு வந்துவிட்டால் கூட்டு ஏற்பாடு சாத்தியமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்ட்ரமின் முனைவர் பட்ட ஆய்வே லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி நிலத்தடி நீரைப் பற்றியது. கடல்நீர் உள்ளே ஏறும் அபாயத்தைக் கண்ட நீர் இறைப்போர் தமக்குள் பேசி, நீதிமன்றம் வழியாக இறைக்கும் அளவைக் குறைத்துக்கொண்டதை அவர் அதில் ஆராய்ந்தார். மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் ஊரில், போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பு கூடாது என்று கிராமசபை முடிவு செய்து கடைப்பிடித்தது. ஆண்டுக்கு எவ்வளவு மழை, அதற்கேற்ப எந்தப் பயிர் என்று அவர்கள் நீர்க்கணக்குப் போடுகிறார்கள். இரண்டு இடத்திலும் தரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பொதுவளத்தை முதலில் அளந்தார்கள். பிறகு பேச ஓர் இடம் இருந்தது. பேசியதை நிறைவேற்ற அதிகாரமும் இருந்தது.

நம் அரசும் முயலாமல் இல்லை. பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் 2000இல் இயற்றப்பட்டது; நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் உருவாயின. பாசன நிலம் உடையவர்களே அதில் வாக்குள்ள உறுப்பினர்கள். 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். மதிப்பில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது. வண்டலைக் கண்ட வயல் எப்படிச் செழிக்கும் என்பது உழவருக்குத் தெரியும். ஆகவே அதை நல்ல முடிவென்றே சொல்வேன்.

எனினும் அந்தக் குடிமராமத்துத் திட்டத்தின் வடிவத்தில் ஒரு குறை அடிப்படையிலேயே இருந்தது. ஊராரிடம் பத்தில் ஒரு பங்கைக் கேட்ட திட்டம், பத்தில் ஒரு பங்கு அதிகாரத்தையாவது கொடுத்ததா? தூர் வாரிய பிறகு மீன்குத்தகையின் பணம் எங்கே போகிறது? கலிங்கை எப்போது அடைப்பது என்று ஊர் தீர்மானித்தால் செல்லுமா? ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லிச் சங்கம் எழுதிய கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? மண் வேலை ஒரு கோடையில் முடிந்துவிடும். மதகைத் திறந்து அடைக்க ஆள் வேண்டியது ஆண்டுதோறும். மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை நெடுங்காலமாக வயலகம் என்ற பெயரில் ஏரி, கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி வருகிறது. ஊர்ப் பங்களிப்பையும் சங்கத்தின் தொடர்ச்சியான பராமரிப்பையும் கண்மாய் வேலையோடு கட்டிப்போடும் அந்த அணுகுமுறை, ஒப்பந்ததாரர் வந்து போகும் வேலையைவிட நீடித்த பலன் தரும்.

என் பார்வையில் இப்போது செய்ய வேண்டியவை மூன்று. மீன், வண்டல், மரம் ஆகியவற்றின் வருவாயில் ஒரு நிலையான பங்கு அந்தந்த ஏரியின் சங்கக் கணக்குக்குச் சட்டப்படி வர வேண்டும். நீர்க்கட்டியை ஊர் அமர்த்தி, அந்தக் கணக்கிலிருந்து மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். எந்தச் சாதியார் வேண்டுமானாலும், ஆணோ பெண்ணோ, விரும்பி ஏற்கும் வேலையாக அது அமைய வேண்டும். மூன்றாவதுதான் பெரிய சண்டையைக் கிளப்பும். கரையில் மண் சுமக்கும் நிலமற்றோர், ஏரியில் ஆடுமாடு மேய்ப்போர், மீன் பிடிப்போர், குத்தகைக்குப் பயிரிடுவோர், கணவர் பெயரில் பட்டா இருக்க வயலில் நிற்கும் பெண்கள் ஆகிய எல்லாருக்கும் சங்கத்தில் வாக்கு வேண்டும். நிலம் உள்ளவர் தன் நீருக்காக வருவார். மற்றவர் எதற்காக வர வேண்டும் என்ற கேள்விக்கு 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் விடை இல்லை, 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விடை இல்லை. அந்தச் சட்டத்தின் உறுப்பினர் பிரிவைத் திருத்துவதிலிருந்து சட்டமன்றம் இந்த வேலையைத் தொடங்கலாம்.